கொசு உட்காரும் அளவு

மனிதத் தோலை எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக அந்த நிலையத்தில் மூன்று வருடங்களில் நான்கு பேருக்கு மண்டை உடைந்திருந்தது. ஒருவருக்குத் தாடை. இந்தக் கணக்கில் தோட்டக்காரர் சேரமாட்டார். அவர் வேடிக்கை பார்க்கப் போய் அடி வாங்கியவர்.

இதெல்லாம் கசாப்புக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மனைவியை அந்தத் தெருப் பக்கமே அழைத்துப் போயிருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்துத் தோண்டினார்கள். உயிர் தங்கியது. ஆறு மாதம் கழித்து இடது கை வீங்க ஆரம்பித்தது. வீங்கி வீங்கி, தலையணையைச் சுருட்டித் தோளில் தைத்துவிட்டது போல் ஆயிற்று. உடம்புக்குள் ரத்தம் ஓடுவது போல நிணநீர் என்று ஒரு தண்ணீரும் ஓடுகிறதாம். அது போகிற பாதையைத்தான் தோண்டி எறிந்துவிட்டார்களாம். போக வழியில்லாத நீர் கையிலேயே குடித்தனம் வைத்துவிட்டதாம்.

இரண்டு முறை கை சிவந்து காய்ச்சல் கொதித்தது. இரண்டாம் முறை ஊசி போட்ட டாக்டர் சொன்னார்: "மூணாவது தடவை வந்தா ரத்தத்துல விஷம் ஏறிடும். அப்புறம் என் பொறுப்பு இல்ல. அதுக்குள்ள வீக்கத்தை வடிய வைங்க." நிணநீர் வடிப்பு ஆய்வு நிலையத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அங்கே கையால் தடவியே வடித்துவிடுவார்களாம்.

"தடவறதுக்குன்னு தனியா கட்டடம் கட்டி வச்சிருக்கானுங்களா?" என்றார் கசாப்புக்காரர்.

"உங்களுக்கு வெட்டத்தான் தெரியும். வாயை மூடிட்டு வாங்க" என்றாள் மனைவி.

நிலையத்தின் வாசல் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'மென்மையே மருந்து' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துகளின் மீதுதான் காவலாளி கசாப்புக்காரரின் முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். அவனுக்கு அங்கே பீரோ என்று பெயர். அகலம் அப்படி. கதவைத் திறந்தால் உள்ளே வேட்டி சட்டை அடுக்கலாம்.

உள்ளே போகிற வழியில் பயிற்சிக் கூடம் இருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு ரப்பர்க் கையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ரப்பர்க் கைக்குள் இருந்து ஒரு தராசு முள் எழுந்து அழுத்தம் காட்டியது. முள் கோட்டைத் தாண்டினால் பிரம்பு அந்தப் பெண்ணின் விரல் முட்டியில் இறங்கியது.

"மெதுவா!" பளீர். "இன்னும் மெதுவா!" பளீர். "தாய் குழந்தையைத் தொடற மாதிரி!" பளீர், பளீர்.

பிரம்பு வைத்திருந்தவர்தான் இயக்குநர். ஒல்லியான மனிதர். பேச்சு தேன். பிரம்பைக் கைமாற்றிக்கொண்டு கசாப்புக்காரரின் மனைவியின் வீங்கிய கையைப் பார்த்ததும், நல்ல மாட்டைச் சந்தையில் பார்த்தவன் கண் மாதிரி அவர் கண் விரிந்தது. கசாப்புக்காரருக்கு அந்தப் பார்வை பழக்கம்.

"கொசு உட்காருகிற அளவு" என்றார் இயக்குநர், ஒரு விரலைத் தூக்கி. "அவ்வளவுதான் நாம தொடணும். அதுக்கு மேல ஒரு இம்மி போனாலும் நிணநீர்க் குழாய் நசுங்கிடும். கொசு இல்ல, ஈ உட்காருகிற அளவுன்னு சொல்ற ஒரு கூட்டம் இங்கேயே இருந்தது. அவங்களை நாங்க அறிவுபூர்வமாப் பேசித் திருத்திட்டோம்."

பேசித் திருத்தப்பட்ட ஒருவர் அப்போது தாடையில் கட்டோடு அந்த வழியாகப் போனார். இயக்குநரைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அடுத்து உறை எடுக்கும் சடங்கு. ஒரு தட்டில் மூடிய உறைகள். முதல் பிரிவு என்று வந்தால் கைக்குத் துணிக்கட்டு, அதோடு தினமும் கைத்தடவல். இரண்டாம் பிரிவு என்று வந்தால் துணிக்கட்டு மட்டும். மனைவி எடுத்த உறையில் இரண்டு என்று இருந்தது.

"ஐயா, நாங்க வந்ததே தடவறதுக்குத்தானே?" என்றார் கசாப்புக்காரர்.

இயக்குநர் சிரித்தார். "பெரியவரே, எல்லாருக்கும் தடவிட்டா, தடவினதாலதான் குணமாச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? நாலு பேருக்குக் குணமாகாம இருந்தாத்தான் அது விஞ்ஞானம். உண்மையைச் சொல்லப்போனா, தடவல் வாங்கறவங்களை விட உங்க மனைவிதான் எங்களுக்கு முக்கியம். அவங்க குணமாகாம இருக்கறதுலதான் இந்த நிலையமே நிக்குது."

"அப்ப நாங்க வீட்டுக்குப் போறோம்."

அதற்குள் மனைவியின் வலது மணிக்கட்டில் ஒரு சாம்பல் நிறப் பட்டையை மாட்டிப் பூட்டிவிட்டிருந்தார்கள். ஆய்வு முடிந்து இயக்குநர் கையெழுத்திட்ட விடுவிப்புச் சீட்டு இல்லாமல், பட்டை கட்டிய ஆளை ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் தொடாது என்றான் பீரோ. சொல்லிவிட்டுக் கசாப்புக்காரரின் கழுத்தைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

அளவு எடுத்தார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி; வாய் அகலம், விளிம்பு வரை தண்ணீர், பக்கவாட்டில் கொக்கின் மூக்கு மாதிரி ஒரு குழாய். கையைத் தோள் வரை முக்கினால் எவ்வளவு தண்ணீர் வழிகிறதோ அதுதான் கையின் பருமன். நல்ல கை இரண்டு லிட்டர் நூறு. வீங்கிய கை மூன்று லிட்டர் இருநூறு. எழுதிக்கொண்ட பெண்ணின் விரல் முட்டிகள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. அவளுக்குக் கசாப்புக்காரர் மனதுக்குள் பஞ்சு என்று பேர் வைத்தார். அவள் தொட்டது தெரியவில்லை என்று மனைவி சொன்னதால்.

துணிக்கட்டு மாற்ற ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும். மனைவி உள்ளே இருக்கும்போது கசாப்புக்காரர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். எதிர் அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியே, முதல் பிரிவு நோயாளிக்குப் பஞ்சு தடவுவது தெரிந்தது. முதல் நாள் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் நாள் சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் எழுந்துபோய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டார்.

வீங்கியது கை. பஞ்சு முதலில் கையைத் தொடவேயில்லை. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழியில் ஆரம்பித்தாள். பிறகு நல்ல பக்கத்து அக்குள். பிறகு மார்பின் குறுக்கே, கெட்ட பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்குத் தோலை மட்டும் இழுத்து இழுத்து விட்டாள். அதற்குப் பிறகுதான் மேல் கை, முழங்கை, கடைசியில் விரல்.

நாற்பது வருடமாக ஆட்டின் கழுத்தோரத்திலும் தோள்பட்டைக்கு முன்னாலும் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் நெறிக்கட்டிகளைக் கத்தி நுனியால் நெம்பி எறிந்தவர் அவர். எது எங்கே இருக்கிறது, எதிலிருந்து எதற்கு நூல் போகிறது என்று அவருக்கு எந்தப் படிப்பும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அட இவ்வளவுதானா" என்றார், வீட்டுக்கு வந்து. "பட்டியில ஆடு அடைஞ்சு கிடக்கு. முன்னாடி கதவைத் திறக்காம பின்னாடி இருந்து தள்ளினா மிதிபட்டுத்தான் சாகும். முதல்ல வாசலைத் திற. அப்புறம் வாசல்ல நிக்கிற ஆட்டை விரட்டு. கடைசி ஆட்டைக் கடைசியில."

"நீங்களா தடவப் போறீங்க?" மனைவி பின்னால் நகர்ந்தாள். "முதுகு தேய்ச்சு விடச் சொன்னா தோலை உரிச்சுத் தொங்கவிட்டவராச்சே!"

விடியற்காலையில் கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம். முதல் வாரம் அவள் கத்தினாள், இவர் பதிலுக்குக் கத்தினார், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். இரண்டாம் வாரம் அவள் தடவலின் நடுவே தூங்கிப்போனாள். நான்காம் வாரம் சட்டையின் கை நுழைந்தது.

அந்த மாத அளவில் தொட்டியிலிருந்து வழிந்தது இரண்டு லிட்டர் அறுநூறு.

பஞ்சு எண்ணைப் படித்தாள். இயக்குநர் இரண்டு முறை தண்ணீரை மாற்றச் சொன்னார். மூன்றாம் முறையும் அறுநூறு. "இரண்டாம் பிரிவு எப்படிய்யா குறையும்?" என்று அளவுக் குடுவையை எடுத்துச் சுவரில் அடித்தார். "தடவாமலே குறையுதுன்னா நாங்க எதுக்கு? நிலையம் எதுக்கு? நான் எதுக்கு?" குடுவையின் சில்லு ஒன்று பீரோவின் காதை வெட்டியது. அவன் அசையவில்லை.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "இவருதாங்க தினமும் தடவி விடறாரு" என்று சொல்லிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அறநெறிக் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று கிழவர்கள். நடுவில் இருந்தவர் மேசையில் பிரம்பால் ஒரு போடு போட்டு அறநெறியைத் தொடங்கி வைத்தார். இயக்குநர் எழுந்தார்.

"உறுப்பினர்களே! நாங்கள் இந்த அம்மாளின் கை குணமாவதற்கு எதிரிகள் அல்ல. அனுமதி இல்லாமல் குணமாவதற்குத்தான் எதிரிகள். இன்று ஒரு கசாப்புக்காரர் தடவினார், குறைந்தது. நாளை ஒரு தச்சர் தடவுவார், அதற்கும் குறையும். பிறகு நோயாளிகள் எங்கே போவார்கள்? நேராக வீட்டுக்குப் போய்விடுவார்கள்! நோயாளியே இல்லாத நாட்டில் மருத்துவம் எப்படி வளரும்?"

கிழவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கள் அழுத்தம் எவ்வளவு?" என்று நடுக் கிழவர் கேட்டார்.

"தெரியலீங்க. ஆட்டுக் குடலைக் கிழியாம கழுவற அளவு."

"கொசுவா, ஈயா?"

"கொசு, ஈயெல்லாம் நாங்க கடைக்குள்ள விடறதில்லீங்க."

இந்தப் பதில் இரண்டு கட்சியையும் ஒரே நேரத்தில் அவமதித்தது. தாடைக் கட்டுக்காரர் கூட ஏதோ முனகினார். தீர்ப்பு உடனே வந்தது: கலப்படம் நடந்திருக்கிறது, கலப்படத்தின் மூலம் இரண்டு கைகள், அவற்றை ஆய்வு முடியும் வரை மூடி வைக்க வேண்டும்.

பீரோ அவரைத் தரையில் சாய்த்து நெஞ்சின் மேல் உட்கார்ந்தான். கசாப்புக்காரர் கடித்தார், உதைத்தார், ஒருவனின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தார். இரண்டு பேர் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். போட்டு முடித்த பிறகுதான் ஒப்புதல் படிவத்துக்குக் கட்டை விரல் வேண்டும் என்று நினைவு வந்தது. செருப்பைக் கழற்றிக் கால் பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். படிவத்தை இயக்குநர் உரக்க வாசித்தார்: "நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு..." நெஞ்சின் மேல் பீரோ இருந்ததால் கசாப்புக்காரரால் மறுத்துப் பேச மூச்சு வரவில்லை. மௌனம் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

கடை சாத்திக் கிடந்தது. இரண்டு வெள்ளை உலக்கைகளோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஊட்டினாள்.

"வாயைப் பெரிசாத் திறங்க. கத்தறதுக்கு மட்டும் திறக்குதுல்ல?"

"நீ தடவிக்கோயேன்டி, நான் சொல்லித் தர்றேன்."

"என் கழுத்தை நானே தடவினா கை கோணிக்குது. ரெண்டு நாள் பார்த்தேன், தோள் பிடிச்சுக்கிச்சு."

கை மறுபடி ஏறியது. சட்டை மறுபடி நுழையவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் அவள் அடுப்பருகே நின்று நடுங்கினாள். முழங்கைக்குக் கீழே தோல் செக்கச் செவேல் என்று, சூடு வைத்தது போல் பரவியிருந்தது. மூன்றாவது தடவை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சீட்டுக் கொடுப்பவர் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். "இது அவங்க ஆளு. விடுவிப்பு வாங்கிட்டு வாங்க."

"செத்துப் போயிடுவாய்யா!"

"செத்தாலும் அவங்கதான் எழுதித் தரணும்."

கசாப்புக்காரர் அந்த ஜன்னலின் கண்ணாடியை ஒரு மாவுக்கட்டால் உடைத்தார். அதனால் எதுவும் நடக்கவில்லை. மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தார்.

அன்று கடைசி அளவு நாள். தொட்டி அறையில் இயக்குநர் புதுச் சட்டையில் நின்றார். முதல் பிரிவுக்கு அளவெல்லாம் எடுத்தாகிவிட்டது. குறைந்துதான் இருந்தது, ஆனால் ஊர் மெச்சக் குறையவில்லை. இரண்டாம் பிரிவில் கடைசி ஆள் இவள்தான்.

"ஐயா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. காய்ச்சல் கொதிக்குது, தொட்டுப் பாருங்க" என்றார் கசாப்புக்காரர்.

"தொடக் கூடாது. இரண்டாம் பிரிவு" என்றார் இயக்குநர். "காய்ச்சல் எங்க ஆய்வுலயே இல்ல பெரியவரே. அது வேற துறை. முதல்ல கையை முக்கட்டும். அளவு இல்லாம விடுவிப்பு இல்ல."

"எரியுதுங்க" என்றாள் மனைவி. "தோல் வெடிக்கற மாதிரி இருக்கு. தண்ணியில வைக்க முடியாது."

"அம்மா, மருத்துவ வரலாற்றுல எத்தனை பேர் எவ்வளவு வலியைத் தாங்கியிருக்காங்க தெரியுமா? நானே எத்தனை பேர் வலியைத் தாங்கியிருக்கேன்! பீரோ, கையைப் பிடி."

பீரோ முன்னால் வந்தான். இயக்குநர், தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறதா என்று தாமே பார்க்கத் தொட்டியின் மேல் குனிந்தார். விஞ்ஞானத்தில் துல்லியம் முக்கியம்.

கசாப்புக் கடைக்காரன் மனைவி அவள். முப்பது வருடம் வலது கையால் ஆட்டின் பிடரியைப் பிடித்துக் கொடுத்தவள். கொழுத்த கிடாயே அந்தப் பிடியில் அடங்கும். இயக்குநர் என்ன எடை இருப்பார்? பட்டை கட்டிய அந்த நல்ல கை அவர் பிடரியில் விழுந்தது. தலை தோள் வரை தண்ணீருக்குள் போயிற்று.

பீரோ பாய்ந்தான். கசாப்புக்காரர் வலது மாவுக்கட்டை அவன் காதில் இறக்கினார், இடது மாவுக்கட்டை முழங்காலில். பீரோ விழுந்த சத்தத்துக்கு ஈக் கட்சிக்காரர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் உதைத்துக்கொண்டிருப்பது யார் கால் என்று தெரிந்ததும், தங்கள் நேரம் வந்தது என்று புரிந்து கொசுக் கட்சியின் மேல் நாற்காலிகளோடு விழுந்தார்கள். தாடைக் கட்டுக்காரர் கட்டை அவிழ்த்து அதனாலேயே ஒருவன் கழுத்தை நெரித்தார். படித்தவர்கள் சண்டை பார்க்க நன்றாகவே இருந்தது. சந்தையில் கூட இவ்வளவு பல் தெறித்துக் கசாப்புக்காரர் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் பஞ்சு தன் முக்காலியை விட்டு எழவில்லை. கொக்கு மூக்குக் குழாயிலிருந்து குபுகுபு என்று வந்த தண்ணீரைக் குடுவை குடுவையாகப் பிடித்தாள். ஒரு சொட்டு கீழே விடவில்லை.

"போதும் அக்கா" என்றாள் கடைசியில். "வழியறது நின்னு போச்சு."

மனைவி பிடியை விட்டாள். இயக்குநர் தரையில் மல்லாந்து வாயிலிருந்து பீய்ச்சினார்.

பஞ்சு ஏட்டில் எழுதிவிட்டு வாசித்தாள்: "இரண்டாம் பிரிவு, கடைசி அளவு. நாலு லிட்டர் எண்ணூறு."

"அது... அது என் தலை..." என்றார் இயக்குநர்.

"தெரியும் சார். தொட்டியில இருந்து வழிஞ்சதை எழுதணும், எழுதினதை அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." முட்டிகளைக் காட்டினாள். "நல்லா ஞாபகம் இருக்கு சார்."

இயக்குநர் எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்து நீர் ஒழுக ஏட்டைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"மூணு இருநூறுல ஆரம்பம்... நாலு எண்ணூறு..." அவர் முகம் விடிந்தது. "பாதிக்குப் பாதி கூடியிருக்கு! தடவாட்டி பாதிக்குப் பாதி கூடுது! நிறுத்துங்கடா சண்டையை! நாம ஜெயிச்சுட்டோம்!"

சண்டை நின்றது. ஒருவர் மற்றவரின் தலைமுடியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"நண்பர்களே!" இயக்குநர் தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். "ஓர் எண் எதனுடையது என்பது நம் கேள்வியே அல்ல. அது முறைப்படி வந்ததா என்பதே கேள்வி. இதைவிட முறைப்படி ஓர் எண் இந்த நிலையத்தில் வந்ததில்லை!"

கொசுக் கட்சியும் ஈக் கட்சியும் சேர்ந்து கைதட்டின. இயக்குநர் ஈரக் கையால் விடுவிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். "ஒத்துழைப்புக்கு நன்றி அம்மா" என்றும் சொன்னார். பீரோ தரையில் கிடந்தபடியே சாவியை எடுத்துக் கொடுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்தார்கள். இரண்டு நாள் பிதற்றினாள். ஆடுகளை எண்ணினாள், எண் தப்பிப்போய் அழுதாள். கசாப்புக்காரர் கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டை வெட்டிவிடச் சொன்னால், போட்ட இடத்தில் கடிதம் வாங்கி வா என்றார்கள். அவர் பின்பக்கம் போய்க் கருங்கல் படியில் இரண்டு கைகளையும் ஓங்கி ஓங்கி அடித்தார். மாவு பிளந்தது, கூடவே ஒரு சுண்டு விரலும். உள்ளே இருந்து வந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் புழு மாதிரி இருந்தன.

"சிவப்பு முழுசா அடங்கற வரைக்கும் தொடாதீங்க" என்றாள் நர்ஸ்.

தொடவில்லை. ஒன்பது நாள் ஊசி போயிற்று. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாம் நாள் காலையில் தோல் பழைய நிறத்துக்கு வந்தது. அன்று முதல் மறுபடி தினமும் ஒரு மணி நேரம்: கழுத்துக் குழி, நல்ல அக்குள், மார்பின் குறுக்கே. கை கடைசியில்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரி என்ன தடவல் இது என்று கேட்டாள். அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய கசாப்புக்காரருக்குப் பேச்சில் சூடு ஏறி, தடவலிலும் ஏறிவிட்டது.

"அமுக்காதீங்க" என்றாள் மனைவி.

"அமுக்கல."

"அமுக்கறீங்க."

"அமுக்கலடி! நான் என்ன சொல்லிட்டிருந்தேன்னா, அந்தப் பயலோட..."

பிடரியில் பொளேர் என்று ஒரு அறை விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கசாப்புக்காரர் கோபமாகத் திரும்பினார். அடித்த கை இன்னும் மேலேதான் இருந்தது, அடுத்த அடிக்குத் தயாராக. முழங்கை மடங்கியிருந்தது. விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன.

இடது கை.